ஐந்து ஊசியும் ஒரு பிடிக் குழையும்

கரவெட்டியில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது: முயலுக்கு ஊசி போட்ட ரீச்சர். பகிடியாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் அதில் கொஞ்சம் மரியாதை கலந்திருக்கும். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஊசி போட்டது உண்மைதான். ஐந்து நாள் போட்டேன். எட்டு நாள் போட்டதாக மச்சாள் நம்பினார். மச்சாள் சொன்னதை ஊர் நம்பியது.

மச்சாள் என் கணவரின் தமக்கை. கல்யாணம் செய்யாதவர். கணவர் சவூதிக்கு வேலைக்குப் போனபிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பெண்களும்தான். எனக்கு வாய் அதிகம், அவருக்குப் பொறுமை அதிகம். அதனால் வீடு சண்டையில்லாமல் ஓடியது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவருடைய வலது கையில் நடுக்கம் தங்கிவிட்டது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். பேனை பிடிக்க வராது. தம்பிக்குப் போகும் கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசியில் கையெழுத்து மட்டும் அவர் வைப்பார். அதற்கே நாலைந்து நிமிடம் பிடிக்கும்.

முயல் முன்வீட்டாருடையது. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று, கூட்டோடு தூக்கி வேலிக்கு மேலால் எங்களிடம் தந்துவிட்டுப் போனார்கள். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் சாம்பல். மச்சாள் அதைக் குஞ்சு என்று கூப்பிடுவார். நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் பின்னேரத்தில் திறந்துவிட்டால் அது முதலில் என்னிடம்தான் வரும். முற்றத்தில் கதிரை போட்டுக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருப்பேன். வந்து என் பெருவிரலை மூக்கால் தட்டிவிட்டு, காலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மச்சாள் அதற்குத் தின்ன இலைகுழை வெட்டிப் போடுகிறவர், கூடு கூட்டுகிறவர். என்னிடம் வாங்குவதற்கு அதற்கு ஒன்றுமேயில்லை. அப்படியிருந்தும் என்னிடம் வருகிறதே என்று எனக்குள் ஒரு பெருமை. மச்சாள் அதைக் கவனித்துச் சிரிப்பார், வருத்தப்படமாட்டார்.

யுத்தத்தால் எங்கள் பக்கத்துக்குச் சாமான் வரத் தடை இருந்த காலம் அது. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை என்பதெல்லாம் பழகிப்போய்விட்டது. மருந்து இல்லை என்பதுதான் பழகவில்லை. அதனால் எல்லா வீட்டிலும் ஒரு பால்மாப் பேணி இருந்தது, அதற்குள் குளிசைகள். யாருக்காவது காய்ச்சலோ தொண்டைநோவோ வந்து ஏழு நாளைக்கு மருந்து கிடைத்தால், மூன்று நாள் போட்டுச் சுகம் தெரிந்ததும் நிறுத்திவிடுவோம். மிச்சம் பேணிக்குள் போகும். நாளைக்கு வேறொருவருக்கு வந்தால் எங்கே போவது? அக்கம்பக்கத்தில் கேட்டு வந்தால் அதிலிருந்து இரண்டைக் கொடுப்போம். அதைக் கெட்டித்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பேணியில் என் தொண்டைநோவில் மிஞ்சிய கறுப்பும் சிவப்புமான கூட்டுக் குளிசைகள் நாலு இருந்தன.

மழை தொடங்கும் நேரத்தில் முயலின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. தேசிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. பனங்கூடை ஒன்றில் சாக்கு விரித்து அதை வைத்து, சைக்கிள் பின்னால் மச்சாள் கூடையை மடியில் பிடித்தபடி இருக்க, நான் மிதித்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மாட்டோடும் ஆட்டோடும் நின்றவர்கள் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. கட்டியைக் கீறி, சீழை எடுத்து, கழுவிவிட்டார். பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மூன்று சின்னப் பெனிசிலின் குப்பியும், ஒரு பழைய கண்ணாடிச் சிறிஞ்சும், இரண்டு ஊசியும் மேசையில் வைத்தார்.

"பத்து நாளைக்குப் போடவேணும். நாளும் இஞ்சை கொண்டு வர ஏலாது, வீட்டிலை நீங்கள்தான் போடவேணும். சிறிஞ்சும் ஊசியும் இரவல். திருப்பித் தந்திடுங்கோ."

"எனக்குத் தெரியாது டொக்டர்."

"பழகலாம். முதுகுத் தோலை ரெண்டு விரலாலை தூக்கிப் பிடியுங்கோ. தோலுக்கும் சதைக்கும் நடுவிலை போகவேணும், அவ்வளவுதான். இடையிலை புண் ஆறின மாதிரித் தெரியும். ஆறிப்போச்செண்டு விட்டிடாதேங்கோ."

"சரி டொக்டர்."

"இன்னொண்டு. ஊசி மட்டும்தான். இந்த மருந்துகளை வாயாலை குடுத்துப் போடாதேங்கோ. முயலின்ரை வயிறு மற்றதுகளின்ரை மாதிரி இல்லை, தாங்காது."

நான் தலையாட்டினேன். மச்சாள் வெளியே கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தார். அவர் இதைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்து நாள் என்பதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊசிமருந்தை யார் வாயில் கொடுக்கப் போகிறார்கள்?

"எனக்குக் கை நடுங்கும் பிள்ளை, நீர்தான் போடவேணும்" என்றார் மச்சாள்.

"ஓம் மச்சாள், நான் போடுறன். உதென்ன பெரிய வேலையே?" என்றேன். அந்த வாய்தான் எனக்குச் சத்துரு.

ஊசி தொடங்குவதற்கு முதல் நாள் ஒரு கத்தரிக்காயில் பழகினேன். சிறிஞ்சில் கிணற்றுத் தண்ணீரை இழுத்து, கத்தரிக்காயின் தோலுக்குக் கீழே ஏற்றிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு தரம் குத்திய பிறகு கை கொஞ்சம் படிந்தது. தண்ணீர்தானே ஏற்றினீர் என்று மச்சாள் அந்தக் கத்தரிக்காயை மத்தியானக் கறிக்குள் வெட்டிப் போட்டுவிட்டார். மறுநாள் காலை பாடசாலைக்குப் போகமுன், சிறிஞ்சையும் ஊசியையும் சட்டியில் அவித்து, கொதித்தாறிய நீரில் குப்பித் தூளைக் கரைத்து, முயலுக்கு முன்னால் போனேன். மச்சாள் துவாயால் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தினேன். ஊசி ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வெளியே வந்ததை நான் காணவில்லை. மருந்து முழுவதும் மயிரில் வழிந்தது.

"என்ன பிள்ளை, என்ரை மடி ஈரமாக் கிடக்கு?" என்றார் மச்சாள்.

மறுபடி இழுத்து மறுபடி குத்தினேன். அந்தத் தரம் சரியாகப் போனது. மிச்ச மருந்தைக் குப்பியோடு தண்ணீர்ப் பானைக்குக் கீழே இருந்த ஈர மணலில் புதைத்துவைத்தேன். குளிர்ப்பெட்டி வைத்திருந்தவர்கள்கூட மின்சாரம் இல்லாமல் அப்போது அதற்குள் புத்தகம் அடுக்கியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் சரி வந்தது. மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் செய்துகாட்டினேன், என் சட்டைக் கையைத் தோலாகப் பிடித்து. நாலாம் நாள் ஊசி முனை மழுங்கத் தொடங்கியது. மற்ற ஊசியை எடுத்துப் பார்த்தால் அது இதைவிட மோசம். ஐந்தாம் நாள் தோலுக்குள் போகவில்லை. அழுத்தினேன். போகவில்லை. இன்னும் அழுத்தினேன். முயல் கத்தியது. முயல் கத்தும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. குழந்தைப் பிள்ளை வீரிட்ட மாதிரி ஒரே ஒரு சத்தம். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு அழுதார், ஆனால் பிடியை விடவில்லை. நான் போட்டு முடித்தேன்.

அன்று பின்னேரம் கூட்டைத் திறந்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். முயல் வெளியே வந்து, என்னைக் கண்டதும் பின்னங்காலால் நிலத்தை ஓங்கி அடித்தது. பிறகு சுற்றிக்கொண்டு போய் மச்சாளின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டது. அதைப் பிடித்துக் கொடுக்கிறவர் மச்சாள். அவரிடம் அதற்குக் கோபமில்லை. காலையில் ஊசி போட்டதிலிருந்தே என் காலடிச் சத்தம் கேட்டால் கூட்டின் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தைச் சுருக்கிக்கொண்டு எழும்பி உள்ளே போனேன். எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. முப்பது வயதுப் பெண், பத்தாம் வகுப்புக்கு மேலே கணக்குப் படிப்பித்தவள், ஒரு முயல் தன்னைவிட்டுப் போய்விட்டதென்று மச்சாளில் பொறாமைப்பட்டேன்.

புண் அதற்குள் காய்ந்து தோல் மூடத் தொடங்கியிருந்தது. ஆறாம் நாள் காலை சிறிஞ்சை அடுப்பில் வைத்துவிட்டுப் பால்மாப் பேணியைத் திறந்தேன். ஊசிமருந்தும் இந்தக் குளிசையும் ஒரே வர்க்க மருந்துதானே என்று நினைத்தேன். டொக்டர் சொன்னது காதில் இருந்தது. டொக்டர்மார் எல்லாவற்றுக்கும் பயமுறுத்துவார்கள், மனிசர் குடிக்கிற மருந்து இதற்கு என்ன செய்யப்போகிறது என்றும் நினைத்தேன். இன்னும் திறக்காத மூன்றாவது குப்பி மிஞ்சினால் ஊரில் ஒரு ஆளுக்கு உதவுமே என்று ஒரு நல்ல காரணமும் கிடைத்தது. அந்தக் காரணத்தை நான் முதலில் நினைக்கவில்லை. கடைசியில்தான் நினைத்தேன்.

"இனி நீங்கள் பிடிக்கத் தேவையில்லை மச்சாள், நானே தனியப் போடுறன்" என்றேன்.

"உம்மாலை ஏலுமே?"

"ஏலும். நீங்கள் குசினிக்குள்ளை நில்லுங்கோ."

மச்சாளுக்கு அது பெரிய ஆறுதல். கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தார். நான் அவித்த சிறிஞ்சைத் தட்டில் வைத்துக்கொண்டு கூட்டடிக்குப் போனேன். ஒரு குளிசையின் கூட்டைப் பிரித்து, பாதித் தூளைக் கதலி வாழைப்பழத் துண்டில் பிசைந்து நீட்டினேன். முயல் முதலில் ஒதுங்கியது. பிறகு வந்து, என் விரலோடு சேர்த்து நக்கித் தின்றது. தட்டைக் கொண்டுபோய், பாவிக்காத சிறிஞ்சை மறுபடி கழுவி வைத்தேன்.

"இண்டைக்குச் சத்தமே கேக்கேல்லை. கை நல்லாப் பழகீட்டுது உமக்கு" என்றார் மச்சாள்.

ஏழாம் நாளும் அப்படியே. தட்டைக் கண்டதும் அது கம்பிக்குக் கிட்ட வந்து நின்றது. பின்னேரம் திறந்துவிட்டபோது தயங்கித் தயங்கி வந்து என் பெருவிரலை மூக்கால் தட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான் இப்போதும் என்னில் எனக்கு வெறுப்பாக வரும்.

எட்டாம் நாள் விடியவே மழை. நான் மூன்றாவது தரமாகப் பழத்தைக் கொடுத்துவிட்டுக் குடையோடு பாடசாலைக்குப் போய்விட்டேன். மச்சாள் மழைக்குள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், வேலியில் முள்முருக்கங்குழை ஒரு பிடி முறித்துக் கொண்டுவந்து கூட்டுக்குள் போட்டிருக்கிறார். ஈரக் குழை முயலுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். மற்ற நாட்களில் குழையை நிழலில் பரவி வாடவிட்டுத்தான் கொடுப்பார். அன்று அது பசியில் கம்பியைக் கடித்ததாம், பொறுக்கமுடியாமல் உதறிவிட்டுப் போட்டுவிட்டார்.

நான் வந்தபோது அது தின்னாமல் குந்திக்கொண்டிருந்தது. கூட்டின் அடித்தட்டில் கழிச்சல். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. டொக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக அப்படியே வந்தது. ஒன்பதாம் நாள் அது நிற்கமுடியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காதைத் தொட்டால் குளிர்.

"டொக்டரிட்டைக் கொண்டு போவமே பிள்ளை?" என்றார் மச்சாள்.

டொக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்கப்போவது என்ன கொடுத்தீர்கள் என்று. மச்சாள் பக்கத்தில் நிற்பார்.

"இந்த மழைக்குள்ளை கொண்டு போனால் வழியிலையே செத்துப்போகும் மச்சாள். சூடா வைச்சிருப்பம்" என்றேன்.

நான் சொன்னால் மச்சாள் கேட்பார். படித்தவள் என்று என்னில் அவருக்கு ஒரு மதிப்பு. மழை மத்தியானத்தோடு விட்டு, நல்ல வெயில் எறித்தது. அவர் றோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கேட்கவில்லை. கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ எனக்குத் தெரியாது. கொண்டுபோகாமல் விட்டது நான்தான் என்பது மட்டும் தெரியும்.

பத்தாம் நாள் காலை அது மச்சாளின் மடியில் செத்துப்போனது. கழுவின துவாயால் சுற்றி வைத்திருந்தார். ஊசி போடும்போது பிடித்த அதே துவாய்.

"நான்தான் சாக்காட்டிப் போட்டன்" என்றார். "ஈரக் குழையைக் குடுத்துச் சாக்காட்டிப் போட்டன். தெரிஞ்சுகொண்டு குடுத்தன் பிள்ளை."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன்தான்.

"அப்பிடியும் இருக்கலாம் மச்சாள்" என்றேன்.

எலுமிச்சை மரத்தடியில் அதைப் புதைக்க நான் கிடங்கு வெட்டினேன். மச்சாள் உள்ளே போனபிறகு மூன்றாவது குப்பியின் நினைவு வந்தது. பத்து நாளைக்கு மூன்று குப்பி. எட்டு ஊசி போட்டவளிடம் மூன்றாவது திறக்காமல் இருந்தால் யாராவது எண்ணிப் பார்க்கமாட்டார்களா? மூடியைக் கத்தியால் நெம்பி, தூளைக் கிணற்றடி வாழைக்குக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு பெனிசிலின் குப்பிக்காகச் சனம் பருத்தித்துறை வரைக்கும் சைக்கிள் மிதித்து, வெறுங்கையோடு திரும்பிய காலம். ஊரில் ஒரு ஆளுக்கு உதவும் என்று நான் மிச்சம்பிடித்த மருந்தை வாழை குடித்தது.

சிறிஞ்சைத் திருப்பிக் கொடுக்க அடுத்த கிழமை போனேன். டொக்டர் ஒரு பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி, புண் ஆறீட்டுதோ?"

"ஓம் டொக்டர், நல்லா ஆறீட்டுது."

அது பொய்யில்லை. நான் புதைத்தபோது தாடையில் அடையாளம்கூட இல்லை.

"பாத்தியளே" என்று மாடு கொண்டுவந்தவர்களிடம் சொன்னார், "மாட்டுக்கு ஊசி எண்டாலே நீங்கள் ஓடுறியள். இந்த ரீச்சர் தனிய நிண்டு முயலுக்குப் போட்டிருக்கிறா."

அங்கேதான் அந்தப் பட்டம் தொடங்கியது.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை பின்னேரம் மச்சாள் தம்பிக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றார். நான் கொப்பித் தாளைக் கிழித்து, மேசையில் இருந்தேன். வழக்கமான சுகம் விசாரிப்பெல்லாம் முடிந்தது. பிறகு நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"எழுதும். தம்பி, குஞ்சு செத்துப்போச்சு. உன்ரை மனுசி எட்டு நாள் விடாமல் ஊசி போட்டுக் காப்பாத்தினவள். அவள் காப்பாத்தின உயிரை நான் ஒரு பிடி ஈரக் குழையாலை போக்காட்டிப் போட்டன். என்ரை அவசரம். அவள் என்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

நான் பேனையை நிறுத்தினேன்.

"உதெல்லாம் ஏன் மச்சாள்? செத்துப்போச்செண்டு மட்டும் எழுதுவமே."

"இல்லைப் பிள்ளை. செய்ததைச் சொல்லத்தான் வேணும். எழுதும்."

எழுதினேன். எட்டு நாள் என்று எழுதினேன். ஒரு பிடி ஈரக் குழை என்று எழுதினேன். அவள் என்னை ஒரு சொல்லுச் சொல்லவில்லை என்பதையும் என் வடிவான கையெழுத்தில் எழுதி, அவர் கேட்டபடி ஒருதரம் வாசித்தும் காட்டினேன். அவர் பேனையை வாங்கி, அவ்வளவு பாடுபட்டு அதற்குக் கீழே தன் பெயரை வைத்தார்.

மறுமொழி வர மூன்று மாதத்துக்கு மேலானது. அக்கா, ஒரு முயலுக்காக மனதைப் போட்டு உழப்பாதே, உனக்கு அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்ற நிம்மதியில்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று கணவர் எழுதியிருந்தார். மச்சாள் அதை என்னைக்கொண்டு இரண்டுதரம் வாசிப்பித்தார்.

பிறகு வீட்டில் முயல் வளர்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. ஆடு ஈரத்தோடும் தின்னும், காய்ந்ததோடும் தின்னும், கடதாசியும் தின்னும். மச்சாளுக்கு அதெல்லாம் தெரியும். ஆனாலும் மாரி காலத்தில் குழையை முறித்துக்கொண்டு வந்து, விறாந்தையில் சாக்கு விரித்து இருந்து, ஒவ்வொரு இலையாகப் பழந்துணியால் துடைப்பார். வலது கை நடுங்கும். இலை துணிக்குள் அகப்படாமல் நழுவும். இடது கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி துடைப்பார். ஒரு கட்டுக் குழை துடைக்க ஒரு மணித்தியாலம் போகும். ஆடு கட்டையில் நின்று கத்திக்கொண்டேயிருக்கும்.

"ஆட்டுக்கு ஒண்டும் செய்யாது மச்சாள்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்குப் பயமாக் கிடக்குப் பிள்ளை" என்றார், தலை நிமிராமல்.

இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று அவருக்குப் பக்கத்தில் போய்ச் சாக்கில் இருந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். என்ன என்று என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி, அவரிடமிருந்த துணியில் பாதியைக் கிழித்து வாங்கி, ஒரு இலையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"நீர் நல்ல பிள்ளை" என்றார் மச்சாள்.